அம்மாவும் ஒரு காலத்தில் 13 வயசுப் பெண்தான்!

பதிமூன்று வயதுப் பெண் இருக்கும் வீடே ஒரு தனி ரகம். நேற்று வரைக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியைச் சுற்றி வந்தவள், இன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்லை" என்கிறாள். காரணமில்லாமல் சிரிப்பு, காரணமில்லாமல் அழுகை. "நாமெல்லாம் அந்த வயசுல இப்படியா இருந்தோம்?" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் கேட்கிற பல்லவிதான். இருந்தோமா, இல்லையா? அதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதானே விஷயம்!

மறந்துபோன அந்த வயசை ஞாபகப்படுத்திய ஒரு சினிமாவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். அது ஒரு கார்ட்டூன் படம். "கார்ட்டூனா! அது குழந்தைகள் சமாசாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தைகளைவிட அவர்களைப் பெற்றவர்கள் பார்க்க வேண்டிய படம் அது.

படத்தின் பெயர் 'டர்னிங் ரெட்'. சிவப்பாக மாறுதல் என்று அர்த்தம். 2022 மார்ச்சில் வந்தது. கதை நடப்பது 2002-ஆம் வருஷம், கனடா தேசத்து டொரான்டோ நகரில். சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்த வீட்டுப் பெண் மெய்லினுக்கு 13 வயசு. கூப்பிடுகிற பெயர் மெய். (நம் தமிழில் 'மெய்' என்றால் உண்மை, உடம்பு என்றும் பொருள் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டுமே பொருத்தம்!) கிளாஸில் நல்ல மார்க் வாங்குபவள். ஸ்கூல் விட்டதும் வீட்டாரின் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி, அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிற சமர்த்துப் பெண். அம்மா மிங், பெண்ணைக் கண்ணுக்குள் வைத்து வளர்ப்பவள். ஆனால் கண்ணுக்குள் வைத்தவள் இமையைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். அங்கேதான் தகராறு.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், மெய் பெரிய சிவப்புப் பாண்டா கரடியாக மாறியிருக்கிறாள்! கோபம், ஆசை, வெட்கம் எது பொங்கினாலும் உடனே கரடி. மனசு அடங்கினால் பழையபடி பெண். அது அவர்கள் குலத்துப் பெண்களுக்கெல்லாம் பரம்பரையாக வருவதாம். அந்தக் கரடி எதைச் சொல்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தை டைரக்ட் செய்தவர் டோமி ஷீ என்ற பெண்மணி. சீனாவில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் கனடாவுக்கு வந்து, டொரான்டோவில் வளர்ந்தவர். கார்ட்டூன் படங்களுக்குப் பேர் போன பிக்ஸார் கம்பெனியில் ஒரு முழு நீளப் படத்தைத் தனி ஆளாக டைரக்ட் செய்த முதல் பெண் இவர்தான். இதற்கு முன் 2018-ல் இவர் எடுத்த 'பாவ்' என்ற குறும்படத்தில் ஒரு அம்மா பிடித்த கொழுக்கட்டை உயிர் பெற்றுப் பிள்ளையாகிறது. அது வளர்ந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது, தாங்க மாட்டாமல் அம்மா அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கியே விடுகிறாள்! அந்தப் படத்துக்கு 2019-ல் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. விட மனசில்லாத அம்மாக்களை இந்தப் பெண்மணி எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார், பாருங்கள்.

"சீனாக்காரர் கதையில் நமக்கென்ன?" என்பீர்கள். மெய்யின் மூன்று தோழிகளில் ஒருத்தி பிரியா. அவளுக்குக் குரல் கொடுத்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்ற தமிழ்ப் பெண். இலங்கையிலிருந்து அகதிகளாகக் கனடா போன தமிழ்க் குடும்பத்தில், டொரான்டோவை ஒட்டிய மிஸ்ஸிஸாகாவில் பிறந்தவர். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண்ணின் கதையைச் சொன்ன 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடருக்குக் கதாநாயகி தேடியபோது, விண்ணப்பித்த 15,000 பேரில் இவரைத்தான் எடுத்தார்கள். அந்தத் தொடர் 2020-லிருந்து 2023 வரை வந்தது. ஆக, நம் வீட்டுக் குரலும் அந்தச் சீன வீட்டுக் கதையில் ஒலிக்கத்தான் செய்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் மணப்பாறைக்காரர்கள். மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர் போன ஊர். முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. என் தங்கை 2005-ல் கல்யாணமாகிக் கனடா போனாள். இருப்பது டொரான்டோ பக்கம்தான். ஒரே பெண். 2024 பிப்ரவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்தப் பெண் பெரியவளானாள். தங்கை உடனே எனக்குப் போன் போட்டு அழுதாள், சிரித்தாள். "ஜூலையில லீவு விட்டதும் வர்றோம்க்கா. ஊர்லதான் சடங்கு வெக்கணும். தம்பிகிட்ட சொல்லிடு" என்றாள்.

தம்பி தாய்மாமனாச்சே, விடுவானா? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தான். சீர் வரிசைக்கு 21 தட்டு என்றான். மேளம், டிரோன் கேமரா, மண்டபத்து வாசலில் ஆளுயர பேனர்... அடேயப்பா! அவர்கள் வந்து இறங்கியது ஜூலையில். கொஞ்ச நாளில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் விசேஷம் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் செய்துவிட்டு, மாதக் கடைசியில் விமானம் ஏறுவதாகத் திட்டம். நடுவில் ஒரு மாதம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்.

வந்த நாள் முதல் பெண்ணின் முகம் சரியில்லை. பட்டுப்பாவாடை எடுக்கத் திருச்சி சின்னக்கடை வீதிக்குக் கூட்டிப் போனோம். கடையில் கேட்டதற்கெல்லாம் "உங்க இஷ்டம்" என்றாளே தவிர, ஒரு துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது மெதுவாகக் கேட்டாள்:

"பெரியம்மா, எனக்கு அது வந்தது பிப்ரவரியில. இப்ப ஆகஸ்ட்ல பேனர் வெச்சு ஊருக்கே சொல்லணுமா? அதுல என் போட்டோ வேற போடுவாங்களாமே?"

"உங்கம்மாகிட்ட சொன்னியா கண்ணு?"

"சொன்னேன். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு'ன்னாங்க."

அதற்குமேல் பேசவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம், "பெரியம்மா, ஒரு படம் போடறேன், பார்க்கறீங்களா?" என்று செல்போனிலிருந்து டி.வி.க்கு இணைப்புக் கொடுத்து அவள் போட்டதுதான் இந்த 'டர்னிங் ரெட்'. படம் இங்கிலீஷில் ஓடியது. எனக்கும் என் அம்மாவுக்கும் அரைகுறையாகத்தான் புரிந்தது. அதனால் அவளே பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொன்னாள். ஒரு மாதமாக வாயைத் திறக்காத பெண், இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள்! மெய் என்ன நினைக்கிறாள், ஏன் கோபப்படுகிறாள், ஏன் பொய் சொல்கிறாள் என்று அவள் சொல்லச் சொல்ல, அது மெய்யின் கதை மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. சமையலறை வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தங்கையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

படத்தில் ஒரு கட்டம். மெய் கரடியாக மாறிய அன்று காலை, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலறுகிறாள். கரடி சமாசாரம் தெரியாத அம்மா, பெண் பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்து, "சிவப்புப் பூ பூத்துவிட்டதா?" என்று வெளியிலிருந்து கேட்கிறாள். என் அம்மா சட்டென்று நிமிர்ந்தார்கள். "அட, அவுங்களும் பூத்ததுன்னுதான் சொல்றாங்களா?" என்றார்கள். பூப்பெய்தினாள், புஷ்பவதியானாள் என்று நாம் சொல்வதில்லையா? கடல் கடந்து போனாலும் அம்மாக்களின் பாஷை ஒன்றுதான் போலிருக்கிறது.

அடுத்து வருவதுதான் தங்கை மகள் எனக்குக் காட்ட நினைத்த கட்டம். மகள் நாப்கின் எடுத்துப் போகவில்லையே என்று பதறி, மிங் ஸ்கூலுக்கே வந்து, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். காவலாளி விரட்டுகிறான். விடுவாளா? கையில் நாப்கின் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிளாஸ் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்க்க, "இதை மறந்துட்டியே!" என்று கத்துகிறாள். மெய்க்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கிறது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, தங்கை மகள் எங்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆளுயர பேனர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த அம்மாவின் கையில் பெட்டி, எங்கள் கையில் பேனர். இரண்டும் பிரியத்தில்தான் வந்தன. மிங் கெட்ட அம்மா இல்லையே! மகளுக்கு வேண்டியது சமயத்தில் கிடைக்க வேண்டுமே என்று ஓடி வந்தவள்தானே? ஆனால் யாருக்காக ஓடி வந்தாளோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தங்கையிடம் பேச்சைத் தொடங்கினேன். என் பெண்ணுக்கு 2016-ல் வீட்டோடு செய்தோம். நெருங்கினவர்களுக்கு மட்டும் சொல்லி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் நாள் ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அவள் திருச்சியில் காலேஜ் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இதைச் சொல்லி, "இங்கேயே நாங்க இவ்வளவு குறைச்சுக்கிட்டோம். அங்கேர்ந்து வந்து நீ ஏன் இவ்வளவு பெரிசா பண்ணணும்ங்கறே?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "நீ இங்கேயே இருக்கேக்கா. நீ கொஞ்சம் விட்டுக் கொடுத்தாலும் ஊரு இருக்கு, மாரியம்மன் கோயில் இருக்கு, பால்குடம் இருக்கு, உன் பொண்ணு தமிழ்லதான் கனாக் காணுவா. நான் விட்டுட்டா என் வீட்டோட எல்லாம் போயிடும்."

இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, பாருங்கள். ஊரை விட்டுப் போகிறவர்கள் ஊரையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் மூட்டையில் இருப்பது அவர்கள் கிளம்பிய வருஷத்து ஊர். என் தங்கை கொண்டுபோனது 2005-ஆம் வருஷத்து மணப்பாறை. இங்கே நாங்கள் மாறிக்கொண்டே இருக்கிறோம். ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகிற பெண்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவளோ மூட்டையைப் பிரிக்காமல், அப்படியே பெண்ணின் தலையில் வைக்கப் பார்க்கிறாள். படத்திலும் அதேதான். டொரான்டோவில் உட்கார்ந்துகொண்டு மிங் காப்பாற்றுவது, அவள் அம்மாவின் காலத்துச் சட்டங்களை.

கதையின் முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. கரடியை அடக்க அந்தக் குலத்துப் பெண்களிடம் ஒரு சடங்கு இருக்கிறது. நிலா சிவக்கும் ராத்திரியில், தரையில் வட்டம் போட்டு, பாட்டுப் பாடி, கரடியை ஒரு நகைக்குள் அடைத்துவிடலாம். அதைத் தாயத்து மாதிரி ஆயுசு முழுக்க உடம்போடு அணிந்துகொள்ள வேண்டும். மெய்யின் அம்மா, பாட்டி, பெரியம்மா, சித்தி எல்லோரும் அப்படி அடைத்து வைத்தவர்களே. பாட்டியின் புருவத்தில் ஒரு தழும்பு. என்ன ஏது என்று யாரும் பேசுவதில்லை. பிறகுதான் தெரிகிறது, மிங் இளவயதில், கல்யாண விஷயத்தில் தன் அம்மாவோடு சண்டை போட்டுக் கரடியாக மாறியபோது ஏற்படுத்திய காயம் அது.

மெய் கரடியை அடைக்க மறுத்துவிடுகிறாள். பிறகு பெரிய ரகளை. மிங்கின் தாயத்து உடைந்து, அவள் பழைய கரடி மலை போல வெளியே வருகிறது. அவளை மீட்க மெய் ஒரு மூங்கில் காட்டுக்குள் போகிறாள். அங்கே மரத்தடியில் ஒரு சின்னப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். யார் என்று பார்த்தால், அவள் அம்மா! மெய்யின் வயதை ஒட்டிய மிங். 'நான் என்ன செய்தாலும் அம்மாவுக்குப் போதவில்லையே' என்று அழும் அம்மா. மெய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள்.

இந்தக் காட்சியில் தங்கை கீரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் பேச்சு வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. 1993-ல் அவள் எட்டாம் கிளாஸ். நன்றாக ஓடுவாள். 200 மீட்டர் ஓட்டத்தில் ஸ்கூலில் முதலாவதாக வந்து, திருச்சியில் போட்டிக்குப் போகப் பெயர் கொடுத்திருந்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியவளாகிவிட்டாள். கொல்லைப்புறத்தில் பச்சை ஓலைக் குடிசை போட்டு 16 நாள் உட்கார வைத்தோம். டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். எங்கள் அப்பாயி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்கள். பதினாறாம் நாள் தடபுடலாகச் சடங்கு. ஸ்டுடியோவில் தாழம்பூ ஜடை தைத்து எடுத்த போட்டோ இன்னமும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அவள் முகம் உம்மென்று இருக்கும். "வெட்கம்" என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"வெட்கமில்லைக்கா. அன்னிக்குத்தான் திருச்சியில ஓட்டப்பந்தயம்" என்றாள் தங்கை.

முப்பத்தோரு வருஷம் கழித்து! அதற்கப்புறம் அவள் ஓடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "நான் பட்டதெல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன்க்கா. இப்ப இவ வேணாம்ங்கறப்ப, அப்ப நான் எதுக்குப் பட்டேன்னு ஆயிடுதுல்ல?"

எத்தனை அம்மாக்களின் கண்டிப்புக்குள் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறதோ! நான் சும்மா இருந்தேன். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாதான் பேசினார்கள். "நீ குடிசைக்குள்ள அழுதது எனக்குத் தெரியும்டி. எங்க மாமியாரை எதுத்துப் பேச அன்னிக்கு எனக்கு வாயில்லை. எனக்கு ஏழாவதோட படிப்பை நிறுத்தினாங்க. அதுக்கு நான் யார்கிட்டப் போய் அழுதேன்?" என்றார்கள். என் அம்மாவுக்கு அப்போது 74 வயசு. 1963-ல் நின்றுபோன படிப்பைப் பற்றி எங்களிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தங்கை மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் என் தங்கை மகளிடம் கேட்டாள்: "உனக்கு எது வேணும், எது வேண்டாம், சொல்லு." பெண் ஒரு காகிதமே எழுதி வைத்திருந்தாள்! பேனர் வேண்டாம். டிரோன் வேண்டாம். மண்டபம் வேண்டாம். ஆனால் அம்மாச்சி எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றட்டும். மாமா கொடுக்கும் பாவாடை தாவணி வேண்டும். புட்டு வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: மாமா வீட்டுப் பையன்களுக்கும் 'இது என்ன விசேஷம்' என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு மனசுக்குக் கஷ்டம்தான். மண்டபத்து அட்வான்ஸ் முழுசாகத் திரும்பவில்லை. "கனடா போனதும் பழசை மறந்துட்டாங்க" என்று உறவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். போகட்டும். ஆவணி முதல் முகூர்த்தத்தில், வீட்டுக் கூடத்திலேயே முப்பது பேரோடு நடந்தது. தம்பி 21 தட்டை 5 தட்டாக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் அக்கா மகளின் தலையில் கை வைத்தபோது அவன் கண்தான் முதலில் கலங்கியது. பெண் உளுத்தங்களியை இரண்டு வாய் சாப்பிட்டு, "நல்லெண்ணெய் ஜாஸ்தி" என்று முகத்தைச் சுளித்தாள். புட்டை மூன்று தரம் கேட்டு வாங்கினாள். அந்தப் போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது சினிமா. ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் போன் விஷயத்தில் சண்டை, வெளியே போகிற நேரத்தில் சண்டை, எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். "நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப என்ன பண்ணினே?" என்று அவள் நடுவில் கேட்கிறாளாம். தங்கை ஒளிக்காமல் சொல்கிறாளாம். சண்டை முடிகிறதோ இல்லையோ, பேச்சு நின்றுபோவதில்லை.

இந்தப் படம் வந்தபோது, "குழந்தைகள் படத்தில் மாதவிலக்குப் பேச்சு எதற்கு? அம்மா சொல்லை மீறுகிற பெண்ணைக் காட்டலாமா?" என்று வெளிநாட்டிலேயே சில பெற்றோர் குறை சொன்னார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். மெய் அம்மாவிடம் மறைக்கிறாள், பொய் சொல்லிப் பாட்டுக் கச்சேரிக்குப் பணம் சேர்க்கிறாள். அதைப் பார்த்து நம் பெண்ணும் கற்றுக்கொள்வாளோ என்று தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் பார்க்க விடாமல் கூட உட்கார்ந்து பாருங்கள். மெய் பொய் சொன்னது தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். நிஜம் சொல்ல வழியிருந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அப்பாவையும் கவனியுங்கள். அதிகம் பேசாதவர், அருமையாகச் சமைப்பவர். மகளுக்கு நல்ல சமயத்தில் நல்ல வார்த்தை சொல்வது அவர்தான்: மனுஷருக்குள் பல குணங்கள் உண்டு, பிடிக்காததைத் துரத்துவதைவிட அதற்கும் ஓர் இடம் கொடுத்துப் பழகிக்கொள் என்கிற பாவனையில். உங்கள் வீட்டுக்காரரையும் கூட உட்கார வையுங்கள்.

பெண் குழந்தை உள்ள தாய்மார்களுக்கு உபயோகமாக இன்னும் சில வார்த்தைகள். பொதுவாக 9-லிருந்து 15 வயசுக்குள் பெண்கள் பெரியவளாகிறார்கள். அது வருவதற்கு முன்பே, எட்டு ஒன்பது வயசிலேயே, பக்குவமாக விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பாள். ஸ்கூல் பையில் ஒரு சின்னப் பையில் நாப்கினும் மாற்று உள்ளாடையும் போட்டு வையுங்கள். மிங் மாதிரி மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டி வராது! நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லுங்கள். துணி உபயோகித்தால் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். இருட்டு மூலையில் ஒளித்துக் காய வைக்கக் கூடாது.

முதல் ஒன்றிரண்டு வருஷம் மாதக் கணக்கு முன்னே பின்னே வருவது சகஜம். ஆனால் 15 வயசாகியும் வராவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலும், ஸ்கூலுக்குப் போக முடியாத வலி மாதா மாதம் வந்தாலும், பெண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "கல்யாணமானா சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தசோகை வராமலிருக்க முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, பேரீச்சம்பழம் நல்லது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். நம் பெரியவர்கள் கொடுத்த உளுத்தங்களி சத்தான ஆகாரம், தாராளமாகக் கொடுங்கள். பச்சை முட்டைக்குப் பதில் வேக வைத்த முட்டையே நல்லது. அந்த நாட்களில் குளிக்கலாம், ஓடலாம், விளையாடலாம், பரீட்சை எழுதலாம். எதற்கும் தடை இல்லை.

சடங்கு செய்வதா, வேண்டாமா? அது உங்கள் வீட்டு விஷயம். அந்தப் படத்துப் பாட்டிக்கும் அத்தனை பெண்களுக்கும் அவர்கள் தாயத்து உசத்திதான். ஆனால் மிங் ஆபத்தில் இருந்தபோது, அவளைக் காப்பாற்ற ஒவ்வொருத்தியும் தன் தாயத்தைத் தானே உடைத்தாள். வழக்கத்தைவிடப் பெண் பெரியவள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமும் தேதி குறிக்கும் முன், பத்திரிகை அடிக்கும் முன், யாருக்காக இதெல்லாம் செய்கிறோமோ அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். கேட்கிறபோது, நம் பதிமூன்றாம் வயசில் நமக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். வேறு யாரும் அவளுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள்.